ஆண்டி குரோவும் பினாங்குத் தீவும்

கடல் வாணிகத்தால் செழித்த ஊர்களுக்குக் கடலே கைவிரிக்கும் காலம் ஒன்று வருவதுண்டு. பினாங்குத் தீவுக்கு அக்காலம் 1969ஆம் ஆண்டில் வந்தது. 1786இல் பிரான்சிஸ் லைட் கொடியேற்றிய நாள் தொட்டுச் சுங்கவரியில்லாத் துறைமுகமாக விளங்கிய ஜார்ஜ்டவுன் அவ்வுரிமையை இழந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தும் தொங்கான் செலுத்தியும் வாழ்ந்தவர்களுள் தமிழர் பலர். சரக்கு குறையக் குறைய அவர்கள் கைகளுக்கு வேலை குறைந்தது. அக்காலத்துத் தீவில் வேலை தேடியும் கிடைக்காதவர் நூற்றுக்குப் பதினைவர் என்ற அளவில் இருந்தனர். பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இளைஞர் புறப்பட்டனர்.

அவ்வாண்டுத் தேர்தலில் மாநில முதலமைச்சர் பொறுப்பேற்ற டாக்டர் லிம் சோங் யூ, வாணிகத்தை மட்டும் நம்பியிருந்த தீவைத் தொழில் நிலமாக மாற்ற முனைந்தார். பினாங்கு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1971இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழி, 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் தடையற்ற வாணிக வட்டாரம் தோன்றியது. முதலில் வந்திறங்கிய எட்டு அயல்நாட்டு நிறுவனங்களைப் பினாங்கு மக்கள் பின்னாளில் 'எட்டுச் சாமுராய்கள்' என்று அழைத்தனர். அவற்றுள் ஒன்று இண்டெல். கலிபோர்னியாவில் தொடங்கி நான்காண்டுகளே ஆகியிருந்த அந்நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை நெல்வயல்கள் சூழ்ந்த அவ்விடத்தில் எழுப்பியது.

இண்டெலின் உற்பத்திப் பணிகளுக்கு அந்நாளில் பொறுப்பாக இருந்தவர் ஆண்டி குரோவ் என்னும் பொறியியலறிஞர். பின்னர் அவரே அந்நிறுவனத்தின் தலைவரானார். மின்னணுத் தொழிலைப் பற்றியும், உலகளாவிய வாணிகத்தைப் பற்றியும், வரப்போகும் காலத்தைப் பற்றியும் தாம் எண்ணியவற்றை நூல்களாக எழுதினார். 2010ஆம் ஆண்டில், தொழிற்சாலைகளை அயல்நாடுகளுக்கு அனுப்பியது அமெரிக்கா தனக்குத்தானே இழைத்துக்கொண்ட தீங்கு என்று ஒரு கட்டுரையில் வாதிட்டார். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை எழுந்து அப்போது முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மனிதரின் செயலும் எண்ணமும் இவ்வாறு எதிரெதிரே நிற்பதால், அவர் வரலாறு பினாங்கின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்கத்தக்கதாகிறது.

குரோவ் பிறந்தது 1936ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2ஆம் நாள், ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில். பெற்றோர் இட்ட பெயர் ஆந்திராஷ் குரோப். தந்தை நண்பர்களுடன் சேர்ந்து பால்பண்ணைத் தொழில் நடத்திய யூதர். நான்கு வயதில் கண்ட செங்காய்ச்சல் குழந்தையின் செவிப்புலனைச் சிதைத்துவிட்டது. 1942இல் தந்தை கட்டாய உழைப்புப் படைக்கு இழுத்துச் செல்லப்பட்டார். 1944இல் செருமானியப் படை நகருக்குள் நுழைந்ததும், தாய் பொய்ப்பெயர் பூண்டு மகனுடன் ஒளிந்து வாழ்ந்தார். போர் முடிந்தபின் எலும்பும் தோலுமாய்த் தந்தை திரும்பினார். பாட்டியார் திரும்பவில்லை, அவர் ஆஷ்விட்ஸ் முகாமில் உயிரிழந்தவர்களுள் ஒருவர். போருக்குப்பின் வந்த பொதுவுடைமை அரசு குடும்பத்தின் தொழிலை நாட்டுடைமை ஆக்கிக்கொண்டது.

இத்தனை இடர்களுக்கும் இடையில் அச்சிறுவன் பள்ளிப்படிப்பைக் கைவிடவில்லை. காது சரிவரக் கேளாத மாணவன் வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்து, ஆசிரியரின் உதட்டசைவைக் கண்டே பாடத்தைப் பிடித்துக்கொள்வான். பெற்றோர் கூட்டம் ஒன்றில் அவனுடைய இயற்பியல் ஆசிரியர், வாழ்க்கையை ஒரு பெரிய ஏரிக்கு ஒப்பிட்டுப் பேசினார். எல்லாப் பிள்ளைகளும் நீரில் இறங்குவர், எல்லாரும் அக்கரை சேர்வதில்லை, ஆனால் இந்தப் பிள்ளை சேர்வான் என்பது அவர் கருத்து. அச்சொல்லைக் குரோவ் அறுபது வயதுக்குப் பின்னும் மறக்கவில்லை. 2001இல் வெளிவந்த தம் இளமை வரலாற்று நூலுக்கு நீந்திக் கடத்தலையே பெயராக வைத்தார். ஆசிரியர் ஒருவர் பெற்றோர் முன்னிலையில் போகிற போக்கில் சொல்லும் ஒரு சொல், ஐம்பதாண்டு கழித்து ஒரு நூலின் அட்டையில் ஏறும் என்பதை அந்த ஆசிரியர் அறிந்திருக்க மாட்டார்.

1956ஆம் ஆண்டு அக்டோபரில் ஹங்கேரிய மக்கள் கிளர்ந்தெழுந்தனர். சோவியத்துப் பீரங்கி வண்டிகள் புடாபெஸ்டுத் தெருக்களில் உருண்டன. இருபது வயது இளைஞர் இரவோடிரவாக எல்லையைக் கடந்து ஆஸ்திரியாவுக்குள் புகுந்தார். அங்கிருந்து கப்பலேறி 1957 சனவரியில் நியூயார்க் சேர்ந்தார். கையில் பொருளில்லை, ஆங்கிலமும் அரைகுறை. உறவினர் வீட்டில் தங்கி, கட்டணமின்றிக் கற்பித்த நியூயார்க் நகரக் கல்லூரியில் வேதியியற் பொறியியல் பயின்றார். 1960இல் பட்டம் பெற்றார். 1963இல் பெர்க்கிலியில் முனைவரானார். 2005இல் அந்நகரக் கல்லூரிக்கு அவர் 2 கோடியே 60 இலட்சம் டாலர் நன்கொடை அளித்தார். கட்டணம் வாங்காமல் கற்பித்த கல்லூரிக்கு மாணவர் செலுத்திய கடனாக அதனைக் கொள்ளலாம்.

பெர்க்கிலியிலிருந்து அவர் சென்றடைந்த இடம் பேர்சைல்டு நிறுவனம். அங்கே ஆய்வுத்துறைத் தலைவராக இருந்தவர் கார்டன் மூர். ஒரு சில்லில் அடக்கத்தக்க உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று 1965இல் கணித்தவர் அவர்; 1975இல் அதனை ஈராண்டுக்கு ஒரு முறை என்று திருத்திக்கொண்டார். 1968இல் மூரும் ராபர்ட் நாய்சும் பேர்சைல்டை விட்டு விலகி இண்டெலைத் தொடங்கியபோது, குரோவும் அவர்களைப் பின்தொடர்ந்தார். நாய்ஸ் மக்களைக் கவரும் பேச்சாளர். மூர் ஆழ்ந்த அறிவியலாளர். சொன்னதைச் சொன்ன நாளில் செய்து முடிக்கும் கடுமை மூன்றாமவரிடமே இருந்தது. காலை எட்டு மணிக்குப் பின் வருவோர் பெயரெழுதிக் கையொப்பமிட வேண்டும் என்ற விதியை இண்டெலில் நடைமுறைப்படுத்தியவர் அவர். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் பலருக்கு இவ்விதி வியப்பளிக்காது. கலிபோர்னியப் பொறியியலாளர்களுக்கோ அது பெருஞ் சினமூட்டியது.

1970இல் இண்டெல் வெளியிட்ட 1103 என்னும் நினைவகச் சில்லு 1,024 துணுக்குச் செய்திகளைத் தாங்கியது. 1971இல் வெளிவந்த 4004 என்னும் நுண்செயலி ஏறத்தாழ 2,300 திரிதடையங்களைத் தன்னுள் கொண்டிருந்தது. இவை கலிபோர்னியாவில் உருவாயின. அப்படியிருக்கப் பினாங்குக்கு என்ன வேலை என்று மாணவர் கேட்கக்கூடும். அதை அறியச் சில்லு செய்யப்படும் முறையைச் சற்றே அறிதல் வேண்டும்.

சிலிக்கான் என்னும் தனிமத்தை வட்டத் தகடாக்கி, அதன்மேல் ஒளியாலும் வேதிப்பொருளாலும் நுண்ணிய சுற்றுகளை வரைவது முதற்பகுதி. இதற்குப் பெரும் பொருட்செலவும் தேர்ந்த பொறியியலாளரும் தேவை. அத்தகட்டைச் சிறுசிறு துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் ஒரு சட்டத்தில் ஒட்டி, தலைமயிரினும் மெல்லிய பொற்கம்பியால் அதன் விளிம்புகளைச் சட்டத்தின் கால்களோடு இணைத்து, உறையிட்டு, பழுதுண்டா என்று சோதிப்பது இரண்டாம் பகுதி. அன்றைக்கு இவ்விணைப்பு வேலையை உருப்பெருக்கியின் வழியே பார்த்துப் பார்த்துக் கையால் செய்ய வேண்டியிருந்தது. இதற்கு வேண்டியவை பொறுமையும் கூர்ந்த கண்ணும் நடுங்காத விரலும். இவற்றுக்குக் கலிபோர்னியாவில் கூலி மிகுதி, ஆசியாவில் குறைவு. சில்லு எடையற்ற பொருளாதலால் வானூர்தியில் அனுப்பிப் பெறுவதும் எளிது. அமெரிக்கச் சுங்கச் சட்டமும் இதற்கு இடங்கொடுத்தது. அமெரிக்கப் பொருள் வெளிநாடு சென்று உருமாறித் திரும்பினால், வெளிநாட்டில் கூடிய மதிப்புக்கு மட்டுமே வரி. பேர்சைல்டு 1963இலேயே ஹாங்காங்கில் இவ்வாறு தொழிற்சாலை அமைத்துவிட்டது. சிங்கப்பூரில் நேஷனல் செமிகண்டக்டர் 1968இல் கால் வைத்தது. பினாங்கு இவ்வரிசையில் பின்னால் வந்தது. வந்தபின் விரைந்து முன்னேறியது.

பாயான் லெப்பாஸின் உருப்பெருக்கிகளுக்குப் பின்னால் அமர்ந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் இளம்பெண்கள். 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையால் கம்பங்களிலிருந்து மலாய்ப் பெண்கள் பெருந்திரளாக வந்தனர். செபராங் பிறையின் தோட்டங்களிலிருந்தும் நகரத்துப் புறம்போக்குக் குடியிருப்புகளிலிருந்தும் தமிழ்ப்பெண்கள் வந்தனர். தாய் விடியற்காலையில் பால்மரம் வெட்டப் புறப்பட்ட அதே நேரத்தில், மகள் இரவுவேலை முடித்துத் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து இறங்கினாள். மாதச் சம்பளத்தைப் பெண்பிள்ளை தன் கையால் எண்ணி வாங்கியது அக்குடும்பங்களில் அதுவே முதல் முறை. தம்பி தங்கையர் படிப்புக்கும் வீட்டுக் கூரைக்கும் தன் திருமணத்துக்கும் அவ்வூதியமே ஈடுகொடுத்தது. ஊரார் பேச்சோ வேறு விதமாக இருந்தது. மலாய்த் தொழிற்சாலைப் பெண்களை 'மீனா காரான்' என்று எள்ளிய பட்டப்பெயர் நாடெங்கும் பரவியது. இரவில் தனியே வெளியே செல்லும் பெண்ணைப் பற்றித் தோட்டத்துத் திண்ணைகளில் பேசப்பட்டதும் அதனினும் குறைந்ததன்று.

வேலையும் எளிதன்று. நாள் முழுதும் உருப்பெருக்கியில் பதிந்த கண்கள் சில ஆண்டுகளில் மங்கின. பகல், மாலை, இரவு என்று வாரந்தோறும் மாறும் வேலைநேரம் உறக்கத்தைக் குலைத்தது. 1970களில் மின்னணுத் தொழிற்சாலைகள் சிலவற்றில், ஆவி புகுந்ததாக ஒரு பெண் அலற, அடுத்தடுத்து அமர்ந்திருந்தோரும் அலறி மயங்கிய நிகழ்ச்சிகள் செய்தித்தாள்களில் வந்தன. நிருவாகத்தினர் போமோவை அழைத்துப் பூசை செய்வித்தனர். உலகின் மிகப் புதிய தொழில்நுட்பத்தை அருகில் வைத்துக்கொண்டு அவர்கள் தேடிய மருந்து இது! ஆய்வாளர்கள் பின்னாளில் ஆவியைத் தேடவில்லை. சோர்வையும், கடுமையான மேற்பார்வையையும், வாய்விட்டுச் சொல்ல வழியில்லாத மனக்குறையையும் சுட்டினர். அக்குறையைச் சொல்ல ஒரு சங்கமும் அப்பெண்களுக்கு இல்லை. மின்னணுத் தொழிலாளர்க்கு நாடு தழுவிய சங்கம் அமைக்க அரசு இசையவில்லை. 1988இல் நிறுவனத்துக்குள் அடங்கிய சங்கங்களுக்கு மட்டும் இசைவளித்தது. 2009இல்தான் வட்டாரச் சங்கங்களுக்கு வழி திறந்தது. அதற்குள் முதல் தலைமுறைப் பெண்கள் பலர் வேலையை விட்டு நெடுநாளாகியிருந்தது.

1975இல் இண்டெலின் பினாங்குத் தொழிற்சாலை தீக்கிரையானது. அந்நிறுவனத்தின் சில்லுகள் பெருமளவில் அத்தீவின் வழியே சென்றுகொண்டிருந்த காலம் அது. தொழிற்சாலை மீண்டும் எழுந்தது. சாம்பலான இடத்திலேயே மீண்டும் கட்டுவது எளிய முடிவன்று. மலிவான கூலி வேறு நாடுகளிலும் கிடைத்தது. மூன்றே ஆண்டுகளில் பினாங்குக் கைகள் பெற்றிருந்த பழக்கத்துக்கு அதனால் ஒரு மதிப்பு இருந்தது என்று கொள்ளலாம்.

குரோவின் நூல்களுள் ஆசிரியர்க்கு மிகவும் நெருக்கமானது 1983இல் வெளிவந்த மேலாண்மை நூல். காலையுணவுக்கு முட்டை அவிப்பது, ரொட்டி வாட்டுவது, காப்பி ஊற்றுவது ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் சூடாகக் கொண்டுவந்து வைப்பது எப்படி என்னும் எளிய கேள்வியிலிருந்து அந்நூல் தொடங்குகிறது. மேலாளரின் விளைச்சல் அவர் தம் கையால் செய்தது அன்று. அவருக்குக் கீழ் உள்ளோர் அனைவரும் செய்ததன் கூட்டே அவர் விளைச்சல் என்பது அதன் உயிர்க்கருத்து. பணியாளரைப் பயிற்றுவிப்பதை வெளியாரிடம் ஒப்படைக்கலாகாது, தலைவரே வகுப்பெடுக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். தாமும் இண்டெலில் வகுப்பெடுத்தார். ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்திலும் பல்லாண்டு கற்பித்தார். பாடம் நடத்துவதை விட்டுவிட்டுக் கோப்பு பார்ப்பதே தலைமைப்பணி என்று கருதுவோர் இப்பகுதியைப் படித்தல் நன்று.

அந்நூல் வெளிவந்த காலத்திலேயே இண்டெலின் அடித்தளம் ஆடத் தொடங்கியிருந்தது. நினைவகச் சில்லே அதன் முதற்பொருள். 1980இல் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் இருநாட்டுச் சில்லுகளையும் சோதித்து, சப்பானியச் சில்லுகளில் பழுது மிகக் குறைவு என்று வெளியிட்டபோது அமெரிக்கத் தொழிலதிபர்கள் நம்ப மறுத்தனர். நம்பியபோது காலம் கடந்திருந்தது. விலை சரிந்தது. 1985இன் நடுவில் ஒருநாள் குரோவும் மூரும் அறையில் மனஞ்சோர்ந்து அமர்ந்திருந்தனர். நம்மை நீக்கிவிட்டு இயக்குநர் குழு புதிய தலைவர் ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று குரோவ் கேட்டார். நினைவகத் தொழிலை விட்டுவிடுவார் என்று மூர் தயங்காமல் விடையளித்தார். அப்படியானால் நாமே வெளியே போய் உள்ளே வந்து அதைச் செய்தாலென்ன என்று குரோவ் வினவினார். செய்தனர், நுண்செயலி ஒன்றையே பற்றிக்கொண்டனர். 1986இல் இண்டெலுக்கு 17 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பின்னர்க் கணினி வீடுதோறும் நுழைந்தபோது, அதன் உள்ளிருந்த நுண்செயலி பெரும்பாலும் இண்டெலுடையதாக இருந்தது.

இந்நிகழ்ச்சியை மேலாண்மைப் பாடநூல்கள் துணிவுக்குச் சான்றாகப் போற்றுவதுண்டு. பினாங்கிலிருந்து பார்த்தால் அதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1985இல் மலேசியப் பொருளாதாரம் சுருங்கியது. பாயான் லெப்பாஸின் பல தொழிற்சாலைகள் ஆட்குறைப்புச் செய்தன. கடல்கடந்த ஓர் அறையில் இருவர் பேசி முடித்ததும், சப்பானில் ஒரு தொழிற்சாலையில் பழுது குறைந்ததும், ஆயர் ஈத்தாமில் ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தொட்டன. உலகமயமாக்கல் என்னும் நெடுஞ்சொல் தமிழ் அகராதிகளில் ஏறுமுன்பே அதன் பொருளைப் பினாங்குத் தொழிலாளர் அறிந்துவிட்டனர்.

1996இல் வெளிவந்த நூலில் குரோவ் இவ்வனுபவத்தைப் பொதுக்கொள்கையாக வடித்தார். எத்தொழிலிலும் ஒரு காலத்தில், ஏதோ ஒரு விசை பத்து மடங்காகப் பெருகிப் பழைய முறைகளைப் புரட்டிவிடும். அத்திருப்புமுனையை உணர்ந்து மாறியவர் மேலேறுவர், உணராதவர் சரிவர். இதற்கு அவர் காட்டிய சான்றுகள் சுவையானவை. திரைப்படம் பேசத் தொடங்கிய பின்னும் சார்லி சாப்ளின் பேசாப்படத்தையே பல்லாண்டு பற்றிநின்றதை ஒரு சான்றாக்கினார். சரக்குக் கொள்கலன் வந்தபோது துறைமுகங்களின் நிலை மாறியதை இன்னொரு சான்றாகக் கூறி, மாற்றத்தை ஏற்றவற்றுள் சிங்கப்பூரைக் குறிப்பிட்டார். சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது 1972இல். பாயான் லெப்பாஸ் வட்டாரம் தொடங்கிய அதே ஆண்டு. பழைய வாணிகத்தால் வாழ்ந்த இருபெருந் துறைமுகங்கள், ஒன்று கப்பலைப் பற்றிக்கொண்டும் மற்றொன்று கப்பலை விட்டுவிட்டும் ஒரே ஆண்டில் புதுவழி கண்டன என்பது, குரோவ் எழுதாவிட்டாலும், அவர் கொள்கைக்கு நல்ல சான்று.

மாற்றத்தை முதலில் உணர்பவர் தலைமையகத்தில் இருப்பவர் அல்லர், வாடிக்கையாளரை நேரில் காணும் கடைநிலை விற்பனையாளரே என்றும் அந்நூலில் அவர் எழுதினார். தாமே அதை மறந்த வேளையும் உண்டு. 1994இல் பென்டியம் நுண்செயலி வகுத்தற் கணக்கில் பிழை செய்வதைக் கணிதப் பேராசிரியர் ஒருவர் கண்டறிந்தபோது, சாதாரண மக்களை இப்பிழை தொடாது என்று இண்டெல் வாதிட்டது. மக்களோ ஏற்கவில்லை. இறுதியில் கேட்டவர்க்கெல்லாம் மாற்றிக் கொடுக்க நேர்ந்தது. செலவு 47 கோடியே 50 இலட்சம் டாலர். கணக்கு தவறினால் மதிப்பெண் இல்லை என்பதைத் தொடக்கப்பள்ளி மாணவனும் அறிவான்.

இனி 2010ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வரலாம். அப்போது குரோவ் இண்டெல் பொறுப்புகளிலிருந்து ஓய்வுபெற்று ஐந்தாண்டு ஆகியிருந்தது. நடுக்குவாத நோயும் அவரைப் பற்றியிருந்தது. அமெரிக்காவில் வேலையின்மை கடுமையாக இருந்த நேரம். புதுப்புது நிறுவனங்கள் தொடங்கினால் போதும், வேலை தானே பெருகும் என்று பலர் எழுதினர். குரோவ் இதை மறுத்தார். ஒரு கருத்து பிறப்பதில் வேலை பெருகுவதில்லை. அக்கருத்தைப் பெருந்தொழிலாக வளர்க்கும் போதே பெருகும். அவ்வளர்ப்புப் பணி முழுவதும் ஆசியாவுக்குப் போய்விட்டது என்றார். அமெரிக்கக் கணினித் தொழிலின் உற்பத்திப் பிரிவில் 1,66,000 பேரே உள்ளனர், முதல் தனியாள் கணினி உருவான 1975க்கு முன்பிருந்ததைவிட இது குறைவு என்று கணக்குக் காட்டினார். ஆசியத் தொழிற்சாலைகளில் அதே தொழிலில் உழைப்போர் ஏறத்தாழ 15 இலட்சம் பேர் என்றார்.

அவர் வாதத்தின் ஆழம் இந்த எண்களில் இல்லை. ஒரு நாடு இன்றைய எளிய பொருளைச் செய்வதை விட்டுவிட்டால், நாளைய அரிய பொருளைச் செய்யும் திறமும் அதனுடன் போய்விடும் என்பதே அவர் அச்சம். மின்கலத்தை எடுத்துக்காட்டினார். வானொலி, தொலைக்காட்சி முதலிய வீட்டு மின்பொருள்களின் உற்பத்தி அமெரிக்காவை விட்டுப் போனபோது மின்கலத் தொழிலும் உடன் போயிற்று. மின்சாரக் கார்க் காலம் வரும்போது அந்நாட்டுக்குக் கைவரிசை இல்லாமல் போயிற்று என்றார். வெளிநாட்டு உழைப்பில் விளைந்த பொருளுக்குத் தனிவரி விதித்து, அப்பணத்தை உள்நாட்டில் தொழில் வளர்ப்போர்க்குக் கடனாகத் தரவேண்டும் என்பது அவர் கூறிய வழி. தடையற்ற வாணிகத்தையே வேதமாகக் கொண்டிருந்த அமெரிக்கத் தொழிலதிபர் நடுவில் இது துணிந்த பேச்சு. வேலையற்ற மக்கள்திரள் ஒரு நாட்டை எங்கே கொண்டு செல்லும் என்பதை இளமையில் கண்டவர் அவர். புடாபெஸ்டின் நிழல் அக்கட்டுரையில் விழுந்திருந்தது.

இக்கட்டுரையைப் பினாங்கில் படிப்பவர் என்ன நினைப்பது? அவர் இழப்பு என்று எழுதியது இங்கே பேறாக இருந்தது. அவ்வரி 1972இல் இருந்திருந்தால் பாயான் லெப்பாஸ் வயலாகவே இருந்திருக்கும். தோட்டத்துப் பெண்ணின் கையில் சம்பளம் வந்திராது. சொந்த நாட்டுத் தொழிலாளர்பால் அவர் கொண்ட பரிவு உண்மையானது. ஆயினும் அயல்நாட்டுத் தொழிலாளி அவர் கணக்கில் ஓர் எண்ணிக்கையாகவே நிற்கிறார். முப்பத்தெட்டு ஆண்டுகள் அத்தொழிலைத் தாங்கிய கைகள் யாருடையவை, அவற்றுக்குக் கிடைத்தது என்ன என்று அவர் கேட்கவில்லை. அகதியாய் வந்து உயர்ந்தவர் அதைக் கேட்டிருக்கலாம்.

எனினும் அவர் கூறிய உண்மை ஒன்று மலேசியாவுக்கே பெரிதும் பொருந்துகிறது. எளிய வேலையைச் செய்யச் செய்யவே அரிய வேலை கைவரும் என்பதற்குத் தைவான் சான்று. அங்கும் 1960களில் பெண்கள் உருப்பெருக்கியின் பின் அமர்ந்து கம்பிதான் இணைத்தனர். பிறகு அரசு ஆய்வகம் அமைத்தது. பொறியியலாளரை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பயிற்றியது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் கால் நூற்றாண்டு பணியாற்றிய மோரிஸ் சாங்கை அழைத்து வந்தது. அவர் 1987இல் நிறுவிய தைவான் குறைகடத்தி நிறுவனம் உலகின் மிக நுண்ணிய சில்லுகளைப் பிறர்க்குச் செய்து கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தது. பினாங்கோ ஏறத்தாழ அதே காலத்தில் புறப்பட்டும் இணைத்தல், சோதித்தல் ஆகியவற்றிலேயே பெரிதும் தங்கிவிட்டது.

பினாங்கு வாளாவிருந்தது என்று கூறிவிடவும் முடியாது. 1989இல் தொழிற்சாலைகளும் மாநில அரசும் கைகோத்துப் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை நிறுவின. இயந்திரம் பழுதுபார்த்த உள்ளூர்த் தொழில்நுட்பர் சிலர் வேலையை விட்டு வந்து சொந்தப் பட்டறை தொடங்கி, பின்னர் தொழிற்சாலைகளுக்கே இயந்திரம் செய்து கொடுத்தனர். 1990களில் சில்லு வடிவமைப்பும் இண்டெலின் பினாங்குப் பணிகளில் சேர்ந்தது. மலேசியப் பொறியியலாளர் மேலாளராயினர். இவ்வேணியில் ஏறியோர் தொகையோடு ஒப்பிட, ஏணியின் அடியிலேயே நின்று கண்பார்வை மங்கி வெளியேறிய பெண்களின் தொகை மிகப் பெரிது. அவர்கள் இடத்துக்கு இயந்திரங்களும், பின்னர் அயல்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளரும் வந்தனர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் குடிபெயர்ந்ததும் தமிழ்ப் புனைகதையில் பன்முறை எழுதப்பட்டுள்ளன. பால்மரத்தைப் பற்றிய கதைகளைத் தொகுத்தால் பல தொகுதிகள் வரும். தொழிற்சாலைப் பேருந்தைப் பற்றிய கதைகளுக்கு அத்தனை பக்கம் வேண்டியிராது. வெண்ணிற மேலங்கியும் தலையுறையும் அணிந்து இரவெல்லாம் பொற்கம்பி இணைத்த தமிழ்ப்பெண் பாட்டியாகிவிட்டாள். அவள் வாய்மொழியைப் பதிவு செய்ய இன்னும் காலம் இருக்கிறது.

குரோவ் 2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் மறைந்தார். அவர் வற்புறுத்திய வழியை வேறு வடிவில் அமெரிக்க அரசு 2022இல் மேற்கொண்டது; சில்லுத் தொழிலை நாட்டுக்குள் மீட்க 5,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. அதற்கு முன்னரே, 2021 டிசம்பரில், மலேசியாவில் பத்தாண்டுகளில் 3,000 கோடி வெள்ளி முதலிடப்போவதாக இண்டெல் அறிவித்திருந்தது. அம்முதலீட்டின் நோக்கம் சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இணைத்து உறையிடும் புதிய முறை. சில்லை மேலும் சிறிதாக்குவது கடினமாகிவிட்ட காலத்தில், உறையிடுதலே உயர்தொழில்நுட்பமாக மாறியிருந்தது. 1972இல் கூலி மலிவு என்பதற்காகக் கலிபோர்னியா வெளியே அனுப்பிய வேலையும் அதுதான்.